பூட்டுக்கு வெளியே ஒரு வரி

எர்ணாவூர்
9.2.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

கார்குழலி எழுதுவது. நைனா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். பெங்களூரில் குளிர் விட்டதா? ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகணுமாம். அம்மா சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன்.

ஆபீசில் ஒரு புது வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் டாங்க்குகளுக்குக் கெமிக்கல் அனுப்புகிற வெளிநாட்டுக் கம்பெனி, இனி விலை விவரமெல்லாம் பூட்டுப் போட்ட மெயிலில்தான் வர வேண்டும் என்று எழுதிவிட்டது. வழியில் யாரும் படித்துவிடக் கூடாதாம். மேனேஜர் ஞானதுரை சார் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். "இங்க பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் யாரு? நீதானேம்மா? செஞ்சு வெச்சிடு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். கல்லூரியில் இதைப் பற்றி ஒரு பக்கம் படித்தேன். அந்தப் பக்கம் பரீட்சைக்கு வரவில்லை.

இதையே மெயிலில் கேட்டிருந்தால் உனக்கு இன்றே கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் ஆபீசில் மெஷின் ஐந்து, மெயில் பெட்டி ஒன்றுதான். யாருக்கு எது வந்தாலும், யார் எதை அனுப்பினாலும் ஐந்திலும் தெரியும். இன்னொரு வழக்கமும் இருக்கிறது. யார்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, ஆனால் கப்பல் எப்போது வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதனால் டைம் ஆபீஸ் பாஸ்கர் அண்ணன் காலையில் வந்ததும், முந்தின நாள் வந்த மெயில், போன மெயில் எல்லாவற்றின் தலைப்பையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து கேட் பலகையில் குத்துவார். குத்துவதற்கு முன் சத்தமாகப் படிப்பார். ஆட்கள் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு நின்று கேட்பார்கள். நைனாவும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பார். அவர் இப்போது மறுபடியும் டாங்க் கழுவுகிற செட்டில் இருக்கிறார். காண்டிராக்டர் மண்ணாங்கட்டியின் செட்.

அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் இந்தப் பூட்டைப் பற்றி எழுது.

உன் தங்கை,
கார்குழலி

*

பெங்களூர்
20.2.2003

அன்புத் தங்கை குழலிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காதையும் மூடிக்கொள்கிறேன், அம்மாவிடம் சொல். டிகிரி வாங்கினவள் டிப்ளமோக்காரனிடம் சந்தேகம் கேட்கிறாய். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொள்.

தனியாக ஒரு சி.டி. அனுப்பியிருக்கிறேன். அதில் மெயில் புரோகிராம், பூட்டுகிற புரோகிராம், இரண்டையும் சேர்த்து ஒட்டுகிற பிளக்-இன் மூன்றும் இருக்கின்றன. அதே வரிசையில் போடு. கடைசியில் மெயில் எழுதுகிற ஜன்னலில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்தால் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். வராவிட்டால் மெஷினை அடிக்காதே, எனக்கு எழுது.

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டைத் திறந்த நிலையில் ஊரெல்லாம் கொடுக்கலாம். உன் பூட்டை வைத்து யார் வேண்டுமானாலும் உனக்கு ஒரு கடிதத்தைப் பூட்டி அனுப்பலாம். திறக்க முடிவது உன் சாவி ஒன்றால்தான். சாவியை யாருக்கும் கொடுக்காதே. என் சாவி என் ஆபீஸ் மெஷினுக்குள் இருக்கிறது. எங்கள் கால் சென்டரில் ஒரு பிளாப்பிகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அவ்வளவு பந்தோபஸ்து.

இன்னொன்று. தலைப்பு எழுதுகிற வரி மட்டும் பூட்டுக்குள் வராது. உள்ளே எழுதுவதுதான் மறையும், தலைப்பை யாரும் படிக்கலாம். நீ காலடிப்பேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மனு அடித்துப் பழகினவள். 'பொருள்' என்று போட்டு முழுக் கதையையும் ஒரே வரியில் எழுதி 'சார்பாக' என்று முடிப்பாய். அந்தப் பழக்கத்தை இங்கே காட்டாதே.

நைனாவைப் பற்றி என்ன சொல்ல வந்தாய்? பாதியில் நிறுத்துவதே உன் வேலை.

அன்புடன்,
பகலவன்

*

எர்ணாவூர்
6.3.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. அங்கும் அப்படியே இருக்கட்டும். சி.டி. ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது.

நாலு மெஷினில் பூட்டுப் படம் வந்துவிட்டது. ஐந்தாவதில் பாதி வந்து நிற்கிறது. பாஸ்கர் அண்ணன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். "இன்னா பாப்பா, மெயிலுக்கு பூட்டு போட்டுக்கினு கீறியாமே? அப்பால நான் காலைல இன்னாத்த படிக்கறது?" என்றார். தலைப்பு எப்போதும்போலத் தெரியும் என்றேன். "அது போதும். வெல எனக்கு எதுக்கு? கப்பல் என்னிக்கின்னு தெரிஞ்சா போதும்" என்று போய்விட்டார். நீ மெயிலில் அனுப்பிய உன் பூட்டைச் சேர்த்துக்கொண்டு, என் பேரில் ஒரு பூட்டு செய்து என்னுடையதை உனக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். பார்.

இப்போது அந்த விஷயம். டாங்க்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன் கயிற்றில் மீட்டரைக் கட்டி உள்ளே விடுவார்கள். விஷக் காற்று இருந்தால் அது கத்தும். கத்தினால் யாரும் இறங்கக் கூடாது. வல்லரசு மாமா உள்ளேயே மயங்கி இறந்துபோனாரே, அதற்குப் பிறகுதான் கம்பெனி அதை வாங்கியது. போன மாதம் ஞானதுரை சார் சொல்லச் சொல்ல ஹெட் ஆபீசுக்கு ஒரு மெயில் அடித்தேன். மீட்டர் பழுது, பம்பாய்க்கு ரிப்பேருக்குப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது, அதுவரை டாங்க் கழுவுவது வழக்கம்போல நடக்கும், காற்று சுத்தம் என்ற சர்டிபிகேட்டும் வழக்கம்போலக் கொடுக்கப்படும். தலைப்பு 'மாத ரிப்போர்ட்'. மீட்டர் இல்லாமல் சர்டிபிகேட் எப்படி சார் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. "கமா இங்க போடணுமா சார்?" என்று கேட்டேன்.

அப்படியானால் யார்டில் எதை இறக்குகிறார்கள்? நைனாவிடம் கேட்டேன்.

"பழைய பொட்டி ஒண்ணு. உள்ள பேட்டரியே இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கயிறு கட்டறதே நான்தானே. கைல தூக்கினா கனம் தெரியாதா?"

"மத்தவங்களுக்கு?"

"கத்தல, எறங்கலாம்னு எறங்கறாங்கோ." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கம்முனு இரு குழலி. நான் நின்னா இன்னொருத்தன் எறங்குவான். அந்த ஆபீஸ்ல உனக்கு சேர் வாங்கிக் குடுத்ததே மண்ணாங்கட்டிதான். ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சேரில் உட்கார முடியவில்லை.

கார்குழலி

*

பெங்களூர்
14.3.2003

அறிவுள்ள தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், ஏனென்றால் நீ பூட்டை அனுப்பவில்லை, சாவியை அனுப்பியிருக்கிறாய்! இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஃபைல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தபாலில் போடுகிறவள் நீயாகத்தான் இருப்பாய். அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று செய். செய்ததும் அதன் கைரேகை என்று ஒரு நீள நம்பர் காட்டும். அதைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பு. மெயிலில் வருகிற பூட்டும் அந்த நம்பரும் ஒத்துப்போனால் நடுவில் யாரும் மாற்றவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

நைனா விஷயத்தைப் படித்துவிட்டு ஷிப்டில் இரண்டு போன் காலைத் தப்பாகப் பேசினேன். யோசித்து ஒன்று சொல்கிறேன். ராயபுரத்தில் அத்தாவுல்லா மாமா இருக்கிறாரே, துறைமுக யூனியன்காரர், அவரிடம் பேசினேன். "சும்மா புகார் குடுத்தா இன்ஸ்பெக்டர் வருவாரு, டீ குடிப்பாரு, போயிடுவாரு. ஆள் எறங்கற அன்னிக்கே கூட்டிக்கினு வரணும். எனக்கு நாள் மட்டும் சொல்லு தம்பி" என்றார். அந்த நாள் உங்கள் ஆபீசுக்கே முந்தின நாள்தான் தெரியும், கப்பல் உறுதியானால்தானே டாங்க்கைக் கழுவுவார்கள்? கடிதம் வந்து சேராது. நம் தெரு போன் பூத் மண்ணாங்கட்டியின் மச்சானுடையது. மாமா வீட்டுப் பக்கம் நீ போனால் மறுநாளே நைனாவுக்கு வேலை இல்லை.

ஆகவே மெயில்தான். கம்பெனிப் பெயர் மாதிரி ஒரு முகவரி வைத்திருக்கிறேன், கீழே எழுதியிருக்கிறேன். நாள் தெரிந்ததும் பூட்டி அனுப்பு. தலைப்பில் 'கொட்டேஷன்' என்று மட்டும் போடு. பாஸ்கர் படித்தாலும் ஒன்றும் புரியாது.

பயப்படாதே.

பகலவன்

*

எர்ணாவூர்
2.4.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. அனல் மின் நிலையத்துச் சாம்பல், காய்கிற துணியில் எல்லாம் படிகிறது.

இந்த முறை பூட்டைத்தான் அனுப்பினேன். மூன்று முறை பார்த்துவிட்டுத்தான். கைரேகை நம்பர் தனித் தாளில் இருக்கிறது. அதை எழுதிவிட்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன், ஒரு எழுத்து மாறினாலும் நான் நானில்லை என்று ஆகிவிடுமே.

நீ பூட்டி அனுப்பிய முதல் மெயில் நேற்று வந்தது. பக்கம் முழுக்கக் குப்பை மாதிரி எழுத்து. என் ரகசியச் சொல்லை அடித்ததும் அந்தக் குப்பை அப்படியே விலகி, 'குழலி, மதியம் என்ன குழம்பு?' என்று வந்தது. ஆபீசில் சிரித்துவிட்டேன். நான் சத்தமாகச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளிநாட்டுக்காரனுக்கும் பூட்டிய விலைக் கடிதம் போய்விட்டது. ஞானதுரை சார் "குட்" என்றார். அவர் பாராட்டுகிற அந்தப் பூட்டில்தான் அவரைப் பற்றி எழுதப் போகிறேன். துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் எழுந்து நிற்கிறேன். பிறகு உட்கார்கிறேன். பக்கத்து மெஷின் அக்கா "உனக்கு இன்னா, நாற்காலில எறும்பா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் இனி மெயிலில் எழுதுகிறேன். நீயும் அதிலேயே எழுது.

கார்குழலி

*

பெங்களூர்
27.5.2003

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். அம்மா, நைனா நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய மெயில்கள் எல்லாம் வந்தன. வேலை அதிகம், பதில் எழுத நேரமில்லை. இப்போது பகல் ஷிப்டு.

இனி கடிதங்களைக் கீழே உள்ள நண்பனின் அறை முகவரிக்கு எழுது. கம்பெனி இடம் மாறுவதால் அங்கே தபால் சரியாக வருவதில்லை.

கவலைப்படாதே. எல்லாம் கவனத்தில் இருக்கிறது.

பகலவன்

*

எர்ணாவூர்
8.6.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை மரியாதைக்குக் கேட்கவில்லை.

உன் கடிதம் தபால்காரர் கையிலிருந்து வாங்கியபோதே லேசாக இருந்தது. உள்ளே பார்த்தால் ஏழெட்டு வரி. உனக்குப் பகல் ஷிப்டு கிடைத்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். "காது குளிராது" என்கிறாள். ராத்திரி ஷிப்டு இருந்தபோது நீ நாலு பக்கம் எழுதுவாய். பகலில் அதைவிட நேரம் இருக்கும் என்று நினைத்தேன்.

அத்தாவுல்லா மாமா தயாராக இருக்கிறாரா? மெயிலில் மூன்று முறை கேட்டேன். நாலாம் டாங்க்கைக் காலி செய்துவிட்டார்கள். புதுச் சரக்கு ஏற்ற வேண்டுமானால் கழுவியாக வேண்டும். கப்பல் மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. இன்றா நாளையா என்று ஆபீசே காத்திருக்கிறது. போன வாரம் மேல் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததற்கே நைனா தலைவலி என்று படுத்துவிட்டார். "வெயிலு" என்றார். வெயிலில் நாற்பது வருஷம் நின்றவர்.

அம்மாவைப் பற்றியும் மெயிலில் விவரமாக எழுதியிருந்தேனே, படித்தாயா?

பதிலை மெயிலிலோ தபாலிலோ எதில் வேண்டுமானாலும் போடு. போடு.

கார்குழலி

*

பெங்களூர்
22.6.2003

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நீ எதற்கும் சீக்கிரம் பதறுகிறவள். அத்தாவுல்லா மாமாவிடம் மறுபடி பேசிவிட்டேன். நாள் தெரிந்தால் போதும், உடனே கிளம்பிவிடுவார். அதில் ஒரு குறையும் இல்லை.

மெயில்களை எல்லாம் படித்தேன். அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல். தீபாவளிக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன்.

ஆள் இறங்குகிற நாளை மட்டும் தலைப்பிலேயே, யாருக்கும் புரியாத மாதிரி, 'கொட்டேஷன் 15' என்று தேதி நம்பர் போட்டு எழுதேன். எனக்கு வசதியாக இருக்கும். இங்கே மெஷினில் பூட்டைத் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

பகலவன்

*

எர்ணாவூர்
5.7.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்தது. அம்மாவைப் பற்றிப் படித்து மகிழ்ந்ததாக எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். சரி அண்ணா.

தலைப்பில் நாள் போடச் சொன்னாய். போடுகிறேன்.

நேற்று யார்டு வழியாகப் போனேன். நாலாம் டாங்க்குக்குப் பக்கத்தில் நைனா கயிற்றை வெயிலில் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தார். புதுக் கயிறு. அந்தப் பெட்டியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறார். பேட்டரி இல்லாத பெட்டியை எதற்குத் துடைக்கிறார் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "இன்னாம்மா, மதியம் துன்னியா?" என்றார். துன்னேன் என்றேன். இல்லை.

நீ சாப்பிடுகிறாயா?

கார்குழலி

*

பெங்களூர்
18.7.2003

குழலி,

நைனா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? மற்றதெல்லாம் பிறகு.

நேற்று முன்தினம் காலையில் உன் மெயிலின் தலைப்பைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 'கொட்டேஷன்' எங்கே? நாள் நம்பர் மட்டும் போடச் சொன்னேனே? முழுக் கதையையும் அதில் எழுதி, கடைசியில் 'சார்பாக' வேறு! உள்ளே பூட்டி என்ன பிரயோஜனம்? பிப்ரவரியிலேயே எழுதினேன், தலைப்பு பூட்டுக்குள் வராது என்று. மறந்துவிட்டாயா? முதலில் சாவியை அனுப்பினாய், இப்போது இது. பாஸ்கர் அதைப் படித்திருப்பாரே!

உடனே ரோட்டோரப் பூத்திலிருந்து அத்தாவுல்லா மாமாவுக்குப் போன் போட்டேன். "கெளம்பறேன் தம்பி" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி போட்டால் யாரும் எடுக்கவில்லை.

உள்ளே என்ன எழுதியிருந்தாய் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஒரு கார்டாவது போடு.

பகலவன்

*

எர்ணாவூர்
24.7.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நைனா உயிரோடு, முழுசாக, இதோ வாசலில் உட்கார்ந்து ஷேவிங் செய்துகொண்டிருக்கிறார். அம்மாவும் நலம். நானும். முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு மீதியைப் படி.

கப்பல் உறுதி என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. மறுநாள் காலை நாலாம் டாங்க். ஆபீசில் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். பூட்டுப் படத்தை அழுத்தினேன். தலைப்பில் அடித்தேன்: 'நாலாம் டாங்க் - பேட்டரி இல்லாத மீட்டரை இறக்கிக் காட்டி நாளை ஆள் இறக்குதல் - தடுக்கக் கோருதல் - சார்பாக.' இங்கிலீஷ் எழுத்தில், தமிழில். அனுப்பினேன்.

மறுநாள் நைனாவோடு சைக்கிள் பின்னால் உட்கார்ந்து நானும் சீக்கிரமே போய்விட்டேன். "இன்னாத்துக்கு இவ்ளோ காலைல?" என்றார். வேலை இருக்கிறது என்றேன். டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பாஸ்கர் அண்ணன் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "வந்தது. கப்பல் கன்பர்ம். போனது. ஓகே, தேங்க்ஸ். போனது. நாலாம்... டாங்க். பே-ட்ட-ரி இல்லாத... இன்னாய்யா இது, நம்ம பாஷ மாரி கீது." எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். முடித்தபோது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

"மறுக்கா படிண்ணா" என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டாம் முறை கூட்டாமல் படித்தார். பீடியை யாரும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வரதா, அந்தப் பொட்டிய காட்டு" என்று ஒருவர் நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

நைனா இடுப்பில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். பெட்டி கையில். எனக்குத் தெரிந்த நைனா, "கலீஜா எவனோ எழுதிக்கீறான், வேலையப் பாருங்கடா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்தார். நான் நகரவில்லை. பிறகு கட்டை விரல் நகத்தால் மூடியை நெம்பித் திறந்து, பெட்டியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். உள்ளே துரு மட்டும் இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஒருவர் வந்து நைனாவின் சட்டையைப் பிடித்தார். நைனா கையைத் தூக்கவில்லை. அவர் விட்டுவிட்டார். நைனா இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டார். அதற்குப் பிறகு அன்று யாரும் கயிறு கட்டவில்லை. மண்ணாங்கட்டி ஸ்கூட்டரில் வந்து, "நான் இன்னாடா உங்களுக்குக் கொற வெச்சேன்?" என்று கத்தினார். எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து எவ்வளவு நேரம் கத்த முடியும்?

ஞானதுரை சார் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "பூட்டை உள்ள போட்டுட்டு விஷயத்த வெளிய எழுதி வெச்சிருக்கியே, உனக்கு எவன் டிகிரி குடுத்தான்?" என்றார். மனு அடிக்கிற பழக்கம் சார், மறந்துட்டேன் என்றேன். பக்கத்து மெஷின் அக்காகூடப் பாவம் என்று பார்த்தாள். உள்ளே என்ன எழுதினாய், ரகசியச் சொல்லைச் சொல் என்றார். அதுவும் மறந்துட்டேன் சார் என்றேன். வெளியே போ என்றார். போனேன். என் டிபன் டப்பாவை எடுத்துக்கொள்ளவும் மறந்துவிட்டேன். அது நிஜமாகவே மறந்தது.

மதியத்துக்குள் அத்தாவுல்லா மாமா இன்ஸ்பெக்டரோடு வந்துவிட்டாராம். வேறு கம்பெனியிலிருந்து நல்ல மீட்டர் ஒன்று வாங்கிவந்து இறக்கியிருக்கிறார்கள். கயிறு கொஞ்சம் இறங்கியதுமே அது கத்த ஆரம்பித்ததாம். மேலே இழுத்த பிறகும் நிற்கவில்லையாம். நைனா ராத்திரி வந்து இதை மட்டும் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்று சந்தையிலிருந்து ஒரு டிபன் டப்பா வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதையாவது வுட்டுட்டு வராத" என்றார். டாங்க்கை மூடி முத்திரை வைத்திருக்கிறார்கள். செட்டு மொத்தமும் வீட்டில். நைனா ராயபுரத்தில் லோடு வேலை கேட்டிருக்கிறார். எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை.

மறந்துவிட்டாயா என்று கேட்டிருந்தாய். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நினைக்கட்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ பிப்ரவரியில் எழுதியது ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

ஏப்ரலில் தண்ணி லாரி நெரிசலில் அம்மா விழுந்து, நெற்றி கிழிந்து தையல் போட்டார்கள். பூட்டின மெயிலில் அதைத்தான் விவரமாக எழுதினேன். நீ படித்து மகிழ்ந்ததாக எழுதினாய். அன்று புரிந்தது. உன் சாவி உன் ஆபீஸ் மெஷினுக்குள் இருக்கிறது. நீ அந்த ஆபீசில் இல்லை. எங்கேயோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, என் கடிதங்களையெல்லாம் குப்பை எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன்னால் படிக்க முடிந்தது பூட்டுக்கு வெளியே இருக்கிற வரி ஒன்றுதான். யார்டில் இருப்பவர்களாலும் அது ஒன்றைத்தான் படிக்க முடியும். 'கொட்டேஷன் 16' என்று போட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும், மாமா வந்திருப்பார். ஆனால் மதியம்தான் வந்தார். நைனா எட்டு மணிக்கு இறங்குகிறவர். அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதினேன். என்னால் யார்டில் நின்று கத்த முடியாது அண்ணா, உனக்கே தெரியும். பாஸ்கர் அண்ணனுக்கு நல்ல குரல்.

ஞானதுரை சார் யாரையோ வரவழைத்து அந்த மெயிலைத் திறக்கப் பார்க்கிறாராம். உன் பூட்டு, அவரால் திறக்க முடியாது. உன்னாலும் முடியாது. உள்ளே கம்பெனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டே வரி. அதை இங்கே எழுதிவிடுகிறேன்:

அண்ணா, வேலை போனது எனக்குத் தெரியும்.
வீட்டுக்கு வா.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தையல் பிரித்தாகிவிட்டது, புருவத்துக்கு மேல் தழும்பு மட்டும் இருக்கிறது. வந்ததும் முதலில் அதைப் பற்றிக் கேள்.

உன் தங்கை,
கார்குழலி